ஞாயிறு போக மீதி ஆறு நாள்

சென்ற வாரம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, “நம் ஊர்ச் சபைகளில் அதிகம் ஓய்வெடுப்பது போதகர் அல்ல, வேன்” என்று எழுதிவிட்டேன். ஜொகூரின் லாயாங் லாயாங்கிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டுகளை நான் வைத்துக்கொண்டேன். கேள்விகள் கீழே.

சபைகள் ஊருக்குச் சேவை செய்வதைப் பற்றி எழுத கோலாலம்பூர், பினாங்கு என்று பெரிய ஊர்கள் இருக்கின்றன. காற்றாடி என்று பெயர் வைத்த எங்கள் ஊர்தான் கிடைத்ததா?
— ஸ்டேஷன் ரோட்டுப் பேரன், லாயாங் லாயாங்

மலாயில் லாயாங்-லாயாங் என்றால் காற்றாடி மட்டுமல்ல, தகைவிலான் குருவிக்கும் அதுதான் பெயர். காற்றாடி என்று கேலி செய்கிறவர்களிடம் குருவி என்று சொல்லிப் பாருங்கள், கௌரவம் கொஞ்சம் கூடும்.

உங்கள் ஊரைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. ரெங்கமுக்கும் கூலாய்க்கும் நடுவில் ரயில் நிலையம் உள்ள சிற்றூர், சுற்றிலும் செம்பனை. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும். பெரிய ஊர்ச் சபை “எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது” என்று சொல்லித் தப்பிக்கலாம். உங்கள் சபைக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

வேனை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்? ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்து தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் ஏற்றுகிறேன். உங்களால் முடியுமா?
— வேன் ஓட்டுநர்

முடியாது. ஐந்தரைக்கு நான் எழுந்து நின்றதை என் வீட்டாரே பார்த்ததில்லை. உங்கள்மேல் குறையில்லை அண்ணே. நான் கேட்பது திங்கள் முதல் சனி வரையிலான கணக்கு.

உங்கள் வட்டாரத்தில் எத்தனை பேர் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்குப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2019-இல் நாடு முழுவதும் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று வந்தது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேர் உட்கார்ந்த பெஞ்சில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்தச் சர்க்கரைதான்.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப் போட்டதுபோல் படுக்க வேண்டும். குளுவாங் போக வேண்டும், இல்லையென்றால் கூலாய். சிகிச்சைச் செலவுக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவும் அறநிறுவனங்களும் கை கொடுக்கின்றன. சிகிச்சை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குக் கை கொடுக்க ஆளில்லை. போகும்போது மகன் மோட்டாரில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடிவிடுவான். திரும்பும்போது தலை சுற்றும், கால் நடுங்கும். அந்த நிலையில் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து லோரிகளுக்கு நடுவே வர முடியுமா? வாடகைக் கார் என்றால் மாதம் 12, 13 முறை போய் வர வேண்டும். ஓய்வூதியம் இல்லாத முன்னாள் பால்மரத் தொழிலாளியிடம் அந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். அதனால்தான் ஒரு நாளை விட்டுவிடுகிறார்கள். ஒரு நாளை விட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊர்த் தாதியைக் கேளுங்கள்.

உங்கள் வேன் திங்கள், புதன், வெள்ளி என்று ஓடட்டும். ஓட்டுகிறவருக்குச் சம்பளம் கொடுங்கள், ஊழியம் என்று சொல்லி அவர் தலையில் கட்டாதீர்கள். காப்புறுதியைச் சரிபாருங்கள். கட்டணம் வாங்காதீர்கள், வாங்கினால் உரிமம் இல்லாத டாக்சி ஆகிவிடும். முருகன் படம் போட்ட வீட்டு வாசலிலும் நின்று ஹார்ன் அடியுங்கள். ஏறியவர் கையில் துண்டுப் பிரசுரம் வேண்டாம். தலை சுற்றுகிறவருக்கு எழுத்து தெரியாது.

ஆராதனை முடிந்ததும் கொடுக்கும் தேநீரில் ஏதாவது மாற்றம் செய்யலாமா? மக்கள் சலிப்பாக இருக்கிறது என்கிறார்கள்.
— மாதர் சங்கச் செயலாளர், ரெங்கம்

சீனியை மாற்றலாம். இருந்த இடத்திலிருந்து அலமாரிக்கு.

மேற்படி பதிலை மறுபடி படியுங்கள். கறிபாப் தட்டுக்குப் பக்கத்தில் ஓர் இரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் வைத்தால், சலிப்பு உடனே போய்விடும். பேசுவதற்கு எண் கிடைத்தால் நம்மவர்கள் மாலை வரை கலைய மாட்டார்கள்.

வெள்ளம் வந்தால் மலாய் அண்டைவீட்டாருக்கும் உணவுப் பொருள் கொடுக்க ஆசை. ‘மதம் மாற்றுகிறார்கள்’ என்று யாராவது புகார் செய்துவிட்டால்? பயமாக இருக்கிறது.
— பயந்த மூப்பர்

பயம் நல்லது, சட்டத்தைப் படிக்க வைக்கும். கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற மாநிலங்களுக்கு இடம் கொடுக்கிறது. ஜொகூர் 1991-இல் அப்படி ஒரு சட்டம் இயற்றியது. கட்டுப்பாடு பரப்புரைக்கு. பசித்த வீட்டுக்கு அரிசி கொண்டுபோவது பரப்புரை ஆகாது, மூட்டைக்குள் வசனத் தாள் ஒன்றைச் செருகாதவரை.

அக்கறை இருந்தால் வழி இருக்கிறது. கிராமத் தலைவரான கெத்துவா கம்போங்கிடம் முதலில் சொல்லுங்கள். சமைத்த உணவு என்றால் உங்கள் அடுப்பில் வேண்டாம், மலாய்க்கார மக்சிக்கின் கடையில் ஆர்டர் கொடுங்கள். அவருக்கு வியாபாரம், உங்களுக்கு நிம்மதி, சாப்பிடுகிறவருக்குச் சந்தேகமில்லாத சோறு. நிவாரண மையம் திறந்திருந்தால் அங்கே பொறுப்பிலிருக்கும் சமூக நல இலாகா அதிகாரியிடம் ஒப்படையுங்கள். 2006 டிசம்பரில் ஜொகூர் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் யாருக்கும் தேவைப்படுவது போர்வையும் குழந்தைக்குப் பேம்பர்ஸும்தான். பேம்பர்ஸ் எந்தப் பிரிவையும் மீறாது.

உதவி கொடுக்கும்போது படம் எடுத்து முகநூலில் போடுவது தவறா? நன்கொடையாளர்கள் கேட்கிறார்கள்.
— இளைஞர் குழு

அரிசி மூட்டையைப் படம் எடுங்கள். அதற்கு வெட்கம் கிடையாது.

நான் இந்து. மாமனார் தவறியபோது பக்கத்துச் சபையிலிருந்து கூடாரமும் ஐம்பது நாற்காலியும் தாமாகவே வந்து இறங்கின. பதிலுக்கு என்ன எதிர்பார்ப்பார்கள்?
— மருமகன், கூலாய்

நாற்காலியைத்தான். ஐம்பதையும் எண்ணிக் கொடுங்கள். நாற்பத்தெட்டாகத் திரும்புவது நம் இனத்தின் பழைய வழக்கம்.

உங்கள் கேள்வியைச் சும்மா விட மனமில்லை. லயத்து வீட்டில் சாவு விழுந்தால் தோட்டமே வேலையை விட்டுவிட்டு வாசலில் நிற்கும். ஒருவர் தண்ணீர் தூக்குவார், ஒருவர் விறகு உடைப்பார், ஒருவர் அடுத்த தோட்டத்துக்குச் சேதி கொண்டு ஓடுவார். யாரும் யாரையும் அழைத்ததில்லை. பிறகு தோட்டத்தை விற்றார்கள், துண்டு போட்டார்கள், ஆட்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்குப் போனார்கள். தாமானில் எல்லா வீட்டுக்கும் இரும்புக் கேட். சாவு வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் காரைக் கழுவிக்கொண்டிருப்பார். கெட்ட மனிதர் அல்ல, தெரியாது. தெரிந்தாலும் உள்ளே வரலாமா என்ற தயக்கம்.

லயம் செய்ததை இன்றைக்குச் செய்யக்கூடிய ஆள்கட்டும் நாற்காலியும் கைவசம் வைத்திருப்பவை இரண்டே இடங்கள். ஒன்று கோவில், இன்னொன்று தேவாலயம். உங்கள் பக்கத்துச் சபைக்கு இது புரிந்திருக்கிறது, கும்பிடுகிறேன்.

இதைப் படிக்கும் சபையாருக்கும் ஒரு சொல். ‘படையல் வைத்த சோறு சாப்பிடமாட்டோம், ஆகவே போகமாட்டோம்’ என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். சாப்பிடாதிருப்பது உங்கள் மனச்சாட்சி, மதிக்கிறேன். பாத்திரம் கழுவ எந்த வேதமும் தடை சொன்னதாகத் தெரியவில்லை. அப்புறம், பதினாறாம் நாளுக்கும் நாற்காலி வேண்டும். அதையும் அவர்கள் கேட்பதற்கு முன்பே அனுப்புங்கள்.

பேரனுக்கு ஏழு வயது. சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) இல்லை என்று பள்ளியில் இழுத்தடிக்கிறார்கள். சபையில் ஜெபம் செய்கிறார்கள். வேறு யாரைக் கேட்பது?
— பாட்டி சொல்ல, பேத்தி எழுதியது

பாட்டி, ஜெபம் நடக்கட்டும். கூடவே மலாய் எழுதத் தெரிந்த ஒருவர் ஜெபத்திலிருந்து எழுந்து உங்களோடு குளுவாங் பதிவிலாகாவுக்கு வரட்டும். ஒரு முறை போனால் முடியாது, நான்கைந்து முறை அலைய வேண்டியிருக்கும் என்று முன்பே சொல்லி அழைத்துப் போங்கள்.

பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு. பிறந்த மருத்துவமனைக் குறிப்பு, தாய் தகப்பன் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். நம்மவர்கள் பலர் தடுக்கி விழுவது கடைசிப் படியில்தான். தாலி கட்டியாயிற்று, ஊரே சாப்பிட்டாயிற்று, பதிவு மட்டும் இல்லை. முஸ்லிம் அல்லாதார் திருமணம் எல்லாம் பதிவாக வேண்டும் என்ற சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தாயைப் பார்த்துத்தான் வரும், தகப்பனைப் பார்த்து அல்ல. தாய் வெளிநாட்டுப் பெண்ணாகவோ, தாளில்லாதவராகவோ இருந்தால், லாயாங் லாயாங்கில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு எந்த நாடும் இல்லாமல் போகலாம். பன்னிரண்டு வயதில் மைகார்ட் அடையாள அட்டை இல்லை. பிறகு வங்கிக் கணக்கு, வேலை, கல்யாணம் ஒவ்வொன்றிலும் இதே கதை. அப்படிப் பிறந்த பிள்ளைக்கும் ஒரு பிள்ளை பிறந்தால், கதை இரண்டாம் தலைமுறைக்குத் தாவும்.

சபைகளே, கோவில்களே, உங்கள் மண்டபத்தில் நடக்கும் ஒவ்வொரு திருமணத்துக்கும் பதிவாளரோ துணைப் பதிவாளரோ உண்டா என்று பாருங்கள். சமையற்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன் அதைக் கேளுங்கள். ஏற்கெனவே கட்டிய தாலிகளைக் கணக்கெடுத்து ஒரு வேலைநாளில் பதியாதவர்களை வேனில் ஏற்றிப் பதிவுக்குக் கூட்டிப் போனால், உங்கள் பத்தாண்டு விழாவைவிட அது பெரிய விழா.

(வேன் மறுபடி வந்துவிட்டது. ஓட்டுநர் அண்ணன் மன்னிக்கணும்.)

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். சபையில் சொன்னேன். ‘பொறுத்துக்கொள், ஜெபி, மன்னி’ என்கிறார்கள்.
— பெயர் வேண்டாம்

இந்தக் கேள்விக்கு வேடிக்கையாகப் பதில் சொல்ல மாட்டேன், சகோதரி.

அடிப்பது குற்றம். 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்காகவே இருக்கிறது. போலீசில் புகார் செய்யலாம், சமூக நல இலாகா மூலம் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999 எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். காயம் இருந்தால் குளுவாங்கிலோ கூலாயிலோ அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், கணவர் அடித்தார் என்றே சொல்லுங்கள். மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்ல வேண்டாம். அவர்கள் எழுதும் குறிப்பு பின்னால் உங்களுக்குச் சாட்சி.

உங்கள் சபைக்கு: மன்னிப்பது அந்தச் சகோதரியின் விருப்பம், அவர் நேரம். உங்கள் வேலை இரவு பதினொரு மணிக்கும் திறக்கும் ஒரு கதவும், துணைக்குப் போலீஸ் நிலையம் வரும் இரண்டு பெண்களும். குடிக்கிறவரைத் திருத்தப் பார்ப்பது தனி வேலை. அதை அந்த அம்மாளின் முதுகில் வைத்துச் செய்யாதீர்கள்.

முன்காலத்தில் வெள்ளைக்காரர்கள் பள்ளி கட்டினார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள். எங்கள் உண்டியலில் அவ்வளவு விழாது. நாங்கள் என்ன செய்ய முடியும்?
— சபைப் பொருளாளர்

கட்டி முடித்த கட்டடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கியபோது இருந்தது ஒற்றைப் படுக்கை, அதுவும் தகப்பனார் வீட்டில். மருத்துவமனைக்காக அவர் காத்திருக்கவில்லை. பிற்பாடும் ஊர் ஊராகப் போய் வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் இன்னும் கெட்டிக்காரர். தமிழ் படித்து, மருத்துவப் பாடநூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து, உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தியர்களாக்கினார். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்! நாமோ ரத்தப் பரிசோதனை அறிக்கையைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் தேடுகிறோம்.

வெள்ளைக்காரர்தான் வேண்டும் என்றும் இல்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர்; ஆனால் சபை ஊழியர் அல்ல, முன்சீப்பாக இருந்தவர். 1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் தன் சொத்தை எடுத்துக் கஞ்சி ஊற்றினார். அவரைப் போற்றிப் பாட்டுக் கட்டியவர் கோபாலகிருஷ்ண பாரதி, நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர். ஒரு சபை ஊருக்குச் சேவை செய்ததா என்று பார்க்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: அடுத்த மதத்துக்காரர் பாடினாரா? உங்கள் ஆண்டறிக்கையில் எழுதியதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

மலேசியாவிலேயே காப்பாரில் மெதடிஸ்ட், ஈப்போவில் செயின்ட் பிலோமினா கான்வென்ட், தைப்பிங்கில் செயின்ட் தெரசா கான்வென்ட் என்ற பெயர்களோடு தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன. பெயர்ப்பலகைக்குப் பெயர் கொடுத்தது திருச்சபை. உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் எந்தப் புனிதரும் இல்லாமல் இருக்கலாம். கோதொங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுக்கு விளக்குமாறு எடுத்துக்கொண்டு போக அது தடையா?

எங்கள் பிள்ளைகள் எல்லாம் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும். சபையில் மிஞ்சியது 14 கிழடுகள். சேவை செய்ய வேண்டியவர்கள் நாங்களா, பெற வேண்டியவர்கள் நாங்களா?
— கிழடுகளில் ஒருவர்

பதினான்கில் ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் இருப்பார், பாரம் நிரப்பியே வாழ்ந்தவர். ஒருவர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். ஓர் ஆசிரியை நிச்சயம். இந்த மூவரையும் வைத்து வியாழன் மாலை இரண்டு மணி நேரம் மண்டபத்தைத் திறந்து வையுங்கள். பாரம் நிரப்ப வருகிறவர் வரட்டும், கடன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி வருகிறவர் வரட்டும், எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை மின்விசிறிக்குக் கீழே உட்கார வரட்டும். வந்த பிள்ளை பதிலுக்கு உங்கள் கைபேசியில் மகனை வீடியோவில் அழைக்கக் கற்றுத்தரும். யார் யாருக்குச் சேவை செய்தார் என்று பிறகு மெதுவாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

ஜொகூரில் 2014-லிருந்து வெள்ளி, சனிதான் வார விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி முதல் மறுபடி சனி, ஞாயிறு. இனி ஞாயிறு முழுநாள் நிகழ்ச்சி வைக்கலாம் அல்லவா?
— உற்சாகமான போதகர்

வைக்காதீர்கள் ஐயா. பதினொரு வருடம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், தனியார் கம்பெனியில் சனிக்கிழமையும் வேலை செய்யும் அப்பனுக்கு லீவு. ஒரே வீட்டில் இருந்தும் வாரத்தில் ஒரு பொழுது சேர்ந்து உட்கார முடியவில்லை. இப்போதுதான் கிடைத்திருக்கிறது. பதினொரு மணிக்கு ஆசீர்வாதம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அதுவும் ஊழியம்தான்.

எங்கள் கடைக்கு மேல்மாடியில் சபை. டிரம்ஸ் அடித்தால் அலமாரியில் மைலோ டின் நடனமாடுகிறது. என்ன செய்வது?
— மளிகைக்காரர்

நம் நாட்டில் தேவாலயத்துக்கு நிலமும் அனுமதியும் கிடைப்பது லேசில்லை, கடைவீட்டு மாடி அவர்கள் ஆசைப்பட்டுத் தேடிய இடமல்ல. அதற்காக உங்கள் மைலோ ஏன் ஆட வேண்டும்? மேலே ஏறிப் போய்ச் சொல்லுங்கள். டிரம்ஸுக்கு அடியில் தடித்த கம்பளமும் வாரத்துக்கு ஒரு முறை உங்கள் கடையில் சாமானும் வாங்கச் சொல்லுங்கள். தேநீருக்குச் சீனி குறையப்போகிறது, அந்த நஷ்டத்தையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

டிசம்பரில் கேரலிங் என்று எங்கள் தாமானுக்கு வந்து வீடு வீடாகப் பாடுகிறார்கள். நாங்கள் இந்துக் குடும்பம். போன வருடம் எங்கள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். பிள்ளைகள் வாசலிலேயே நின்றிருந்தார்கள். கூப்பிடலாமா?
— முறுக்கு சுட்ட அம்மா, லாயாங் லாயாங்

கூப்பிடுங்கள் அம்மா. உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று தாண்டிப் போயிருப்பார்கள். கேட்டைத் திறந்து விளக்கைப் போட்டு வையுங்கள், அவர்களுக்குப் புரியும். முறுக்கு கொஞ்சம் கூடவே சுடுங்கள். பாடுகிறவர்கள் எட்டுப் பேர் என்றால், கூட வந்து வேனில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர் இருப்பார். அவருக்கு யாரும் கொடுப்பதில்லை.